ஸுல்மாவின் தழும்பு

ஸுல்மா செய்த குற்றம் இதுதான்: மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு, வேலியோரம் நின்றபடி, யாரையும் கேட்காமல், தானாகவே ஒரு கன்று போட்டுவிட்டாள்.

வேறு ஊராக இருந்தால் இதைக் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கோந்த்ரோ மேட்டுநிலத்தில் வெண்ணீல மாடு வளர்ப்பவர்களுக்குக் கன்று என்பது விலாவைக் கிழித்து எடுக்கப்படுவது. டாக்டர் வருவார். மாட்டின் இடது விலாவைச் சிரைத்து மரக்க ஊசி போடுவார். கிழிப்பார், இரண்டு கையையும் உள்ளே விட்டுக் கன்றை இழுப்பார், தைப்பார், காபி குடிப்பார், அடுத்த பண்ணைக்குப் போவார். கன்றுக்குப் பிறக்கும்போதே மல்யுத்தக்காரன் தொடை இருப்பதால் அது வரவேண்டிய வழியாக வரமுடியாது. அப்படி வரமுடியாமல் இருப்பதுதான் நல்ல ஜாதிக்கு அடையாளம் என்று ஊரில் எல்லாரும் நம்பினார்கள். கன்று வேறு எப்படியாவது பிறக்கும் என்பதையே பலர் மறந்துபோயிருந்தார்கள்.

லம்பேரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். பதினாலு மாடு வைத்திருந்தான். ஐம்பத்தெட்டு வயது. அகலமான, வெளுத்த, சாதுவான ஆள். ஸுல்மாவுக்கு அது தலைச்சன் பிரசவம். காலையில் அவள் ஒரு மாதிரி நடப்பதைப் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டான். டாக்டர் கோல்சோன் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவர் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, கத்திப் பெட்டியோடு புல்வெளிக்கு வந்தபோது கன்று எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் கோல்சோன் இருபத்தாறு வருஷத்தில் பதினோராயிரம் மாடுகளைக் கிழித்தவர். அவர் மாட்டை முன்னால் இருந்து பார்த்தார், பின்னால் இருந்து பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

"பின்பக்கமா" என்றான் லம்பேர், தன் மேல் தப்பு இருப்பதைப் போல.

"புஸ்தகத்துல படம் பாத்திருக்கேன்" என்றார் டாக்டர்.

லம்பேரின் மனைவி ஒதில் காபி கொண்டுவந்தாள். டாக்டர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பிறப்புப் படிவத்தை எடுத்தார். கோந்த்ரோ இரட்டைத்தசை மேன்மைக் கழகம் அச்சடித்த படிவம் அது. நாலாவது கேள்வி, கிழித்தது இடது விலாவா, வலது விலாவா. ஐந்தாவது, தழும்பின் நீளம் எத்தனை சென்டிமீட்டர். ஆறாவது, தையல் எத்தனை. டாக்டர் மூன்றுக்கும் நேரே "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த வீட்டில் தையலைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் ஒன்றை மட்டும் சொல்லாமல் போகமாட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நமூர் ஆஸ்பத்திரியில் லம்பேரின் இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். விலாவில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் கோணல்மாணலாக ஒரு தழும்பு. அதைப் பார்த்த நாளிலிருந்து டாக்டருக்கு அந்த சர்ஜனின் மேல் தீராத இளக்காரம். "நான் ஒரு மாட்டுக்கு இப்படித் தைச்சிருந்தா என்னை ஊரை விட்டே துரத்தியிருப்பாங்க" என்று அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

பத்தாம் நாள் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. "இல்லை" என்பது ஒரு பக்கமும் அல்ல, ஒரு நீளமும் அல்ல என்று அதில் எழுதியிருந்தது. இனத்தூய்மை ஐயத்துக்குரிய பசு ஒன்றை வைத்திருப்பது பற்றி விளக்கம் சொல்ல, பசுவின் உடைமையாளர் நேரில் வரவேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் விதி பத்தொன்பதின்படி பசு முப்பது நாளுக்குள் கசாப்புக்குப் போகும், தவறு மறுபடி நடக்காமல் இருப்பதற்காக. கன்றுக்கு ஜாதிப் பத்திரம் கிடையாது. அதுவும் தாயோடு போகலாம்.

ஒதில் அதை இரண்டு தடவை படித்தாள். "ஒழுங்கா பெத்ததுக்கு வெட்டுவாங்களாமா?" என்றாள். ஸுல்மா பிறந்தபோது தாய்க்குப் பால் சுரக்காததால், ஆறு வாரம் புட்டியில் பால் கொடுத்து அவளை வளர்த்தவன் லம்பேர்தான். இன்னும் அவனைக் கண்டால் விரலைச் சப்ப வருவாள், அறுநூறு கிலோ உடம்போடு.

கழகத்தின் கட்டடம் நமூர் சாலையில் இருந்தது. வாசலில், ஆள் உயரப் பீடத்தின் மேல், ஒரு மாட்டின் பின்தொடை மட்டும் சுண்ணாம்புச் சிலையாக நின்றது. முன்னும் இல்லை, தலையும் இல்லை. கழகத்துக்கு அவை தேவைப்படவில்லை. உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்தத் தொடையில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கவேண்டும் என்பது வழக்கம். வைத்து வைத்து ஒரு பக்கம் பளபளத்துப் போயிருந்தது. லம்பேரும் வைத்தான். சில்லென்று இருந்தது.

தலைவர் மிஸ்யூ கொத்ரோனுக்கு நானூறு மாடு இருந்தது. அவர் அவற்றைப் புகைப்படத்தில்தான் பார்ப்பார். பக்கத்தில் செயலர் பிரோத், விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. மற்றொரு நாற்காலியில் மூத்த உறுப்பினர் மதாம் வொத்தி. எண்பத்திரண்டு வயது. நாற்பது வருஷமாக, இறைச்சியை ருசி பார்க்கும் சுவைக் குழுவில் இருப்பவர். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பாதித் தூக்கத்தில் இருந்தார்.

தலைவர் எழுந்து நின்றுதான் பேசுவார், எதிரில் ஒரே ஒருவன் இருந்தாலும்.

"மிஸ்யூ லம்பேர், நம்ம பாட்டன்மார் மாட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா? அதுக்குக் கொழுப்பு இருந்துச்சு. எலும்பு இருந்துச்சு. தனக்குன்னு ஒரு யோசனை கூட இருந்துச்சு. நாம மொதல்ல கொழுப்பை எடுத்தோம். அப்புறம் எலும்பை மெலிய வச்சோம். ருசி தானாவே போயிடுச்சு, அதை நாம கேக்கக்கூட இல்ல. இன்னைக்கு நம்ம மாட்டுல வெறும் தசை. வெட்டினா பஞ்சு மாதிரி வெட்டுப்படும். வெள்ளை வெளேர்னு இருக்கும். எடை போடுங்க, தராசு பேசும். ருசியப் பத்தி யாராவது கேட்டா, அது சாஸோட வேலைன்னு சொல்லுங்க. இறைச்சியோட வேலை எடை."

செயலர் பிரோத் தலையசைத்துக்கொண்டே குறிப்பு எழுதினார்.

"இப்ப உங்க பசு தானா பெத்திருக்கு. தானா வெளிய வர்ற கன்னுக்குத் தொடைன்னு சொல்ல என்ன இருக்கும்? அதோட இறைச்சி எப்படி இருக்கும்? எனக்கு நினைக்கவே பயமா இருக்கு."

பயத்தைத் தீர்த்துவைக்கச் செயலர் விதிப் புத்தகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐயத்துக்குரிய பசுவின் நெருங்கிய ரத்த உறவு எதையாவது சுவைக் குழு ருசி பார்க்கலாம். அந்த இறைச்சியில் ருசி எதுவும் இல்லை என்று குழு ஏகமனதாகச் சொன்னால், குடும்பம் உயர்ந்த ஜாதி, பசு குற்றமற்றவள். உறவு ஏதாவது கைவசம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. ஸுல்மாவுக்குப் பின்னால் பிறந்த காளைக் கன்று, அவள் தம்பி, ஏப்ரலில்தான் வெட்டப்பட்டு, பொட்டலம் பொட்டலமாக லம்பேர் வீட்டு உறைபெட்டியில் படுத்திருந்தான்.

லம்பேர் வீட்டுக்கு வந்ததும் ஒதிலிடம் விஷயத்தைச் சொன்னான். தம்பியின் இறைச்சி ருசியில்லாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஒதில் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் அதைச் சமைத்தாள். வெண்ணெயில் போட்டால் அது தன் கொழுப்பையும் கொஞ்சம் விட்டு, வாசனை மாடிப்படி வரைக்கும் போகும். கசாப்புக் கடைக்காரன் விற்கிற இறைச்சியை ஒதில் நம்பமாட்டாள். மெத்தென்று இருக்கும், வாயில் போட்டால் தண்ணீரை விட்டுவிட்டுக் காணாமல் போகும், சாஸ் மட்டும் நாக்கில் மிஞ்சும். தம்பி அப்படி இல்லை. அந்தக் குடும்பத்துக்கே பழைய இடுப்பெலும்பு, தசைக்குள்ளே நூல் நூலாகக் கொழுப்பு. லம்பேரின் மாடுகள் கண்காட்சியில் எப்போதும் கடைசி வரிசையில் நின்றதற்குக் காரணமும் அதுதான்.

லம்பேர் மூன்று நாள் யோசித்தான். இறைச்சியைத் தண்ணீரில் ஊறப்போடலாமா என்று கேட்டான். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். கழுத்துப் பக்கம் ஒரு சவ்வுத் துண்டு இருக்குமே, அதைக் கொடுக்கலாமா என்று கேட்டான்.

"இங்க பாரு லம்பேர்," என்றாள் ஒதில், கையில் இருந்த கத்தியைக் கீழே வைக்காமல். "என் வீட்டுலேந்து ஒருத்தர் வாய்க்குப் போற கறி மட்டமா போகாது. அவங்க கழகமா இருந்தாலும் சரி, கழுதையா இருந்தாலும் சரி."

"ஸுல்மா செத்துடுவா, ஒதில்."

ஒதிலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் அவள் துணி சுற்றிக் கையில் கொடுத்தது விலாவிலிருந்து எடுத்த மிக நல்ல துண்டு. லம்பேர் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, தன் இறைச்சி வாய்க்கு விளங்காமல் இருக்கவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டான்.

சுவைக் குழு என்றாலும் அதில் நாக்குக்கு வேலை குறைவு. முதலில் நிற அட்டையை வைத்து இறைச்சியின் வெளுப்பைப் பார்த்தார்கள். அப்புறம் தராசு. அப்புறம் அழுத்தினால் எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று ஒரு கருவி. செயலர் பிரோத் பூதக்கண்ணாடியை வைத்துத் தம்பியின் கொழுப்பு நூல்களை எண்ணினார். முப்பத்தொன்று. போன வருஷத்துச் சாம்பியன் ஹெக்தோரின் இறைச்சியும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் இருந்தது. அதில் ஒன்று. அதுவும் கசாப்புக்காரனின் சட்டை நூலாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார்.

கடைசியில் ருசி பார்ப்பது. வழக்கப்படி ஒவ்வொரு தட்டிலும் எட்டுக் கரண்டி மிளகுச் சாஸ் ஊற்றுவார்கள். தனிப்பட்ட விருப்புவெறுப்பு தலைகாட்டாமல் இருக்க அது உதவும் என்று விதி சொன்னது. ஆனால் நிகழ்ச்சிநிரலில் இறைச்சி முதல் அம்சம், சாஸ் மூன்றாவது. இரண்டாவது அம்சம், போன கூட்டத்தின் குறிப்புக்கு ஒப்புதல். அதில் தன் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று மதாம் வொத்தி கண்ணைத் திறந்து ஒரு ஆட்சேபம் எழுப்பினார். ஆட்சேபம் தீரும்வரை மூன்றாவது அம்சத்துக்குப் போகமுடியாது என்று செயலர் சொன்னார். சாஸ் சமையலறையில் இருந்தது. இறைச்சி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. ஆறிய இறைச்சியை ருசி பார்க்கக்கூடாது என்பதும் ஒரு விதி. எனவே கழகத்தின் வரலாற்றில் முதல் தடவையாக அவர்கள் சாஸ் இல்லாமல் சாப்பிட்டார்கள்.

முதலில் ஹெக்தோர். மூன்று பேரும் மென்றார்கள். மெல்லுவதற்கு அதிகம் இல்லை. தலைவர் திருப்தியோடு, "ஒண்ணுமே தெரியல. அற்புதம்" என்றார். செயலர் எழுதிக்கொண்டார்.

அடுத்தது தம்பி. மதாம் வொத்தி ஒரு துண்டை வாயில் வைத்தார். மெல்வதை நிறுத்தினார். மறுபடி மென்றார். மடியில் இருந்த கைப்பை கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"இது என்ன?" என்று கேட்டார்.

"மாட்டிறைச்சி, மதாம்" என்றார் செயலர்.

"அப்ப இதுக்கு முன்னாடி சாப்பிட்டது?"

அந்தக் கேள்வியைக் குறிப்பில் எழுதலாமா என்று செயலர் தலைவரின் முகத்தைப் பார்த்தார். தலைவரின் வாய் நிறைந்திருந்தது. அவர் இரண்டாவது துண்டை எடுத்திருந்தார். மூன்றாவதையும் முள்கரண்டியில் குத்தி வைத்திருந்தார். லம்பேர் அந்த முள்கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டு காலியானதும் தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, மிஸ்யூ லம்பேர். ருசி இருக்கு. மறைக்க முடியாது, எனக்கே தெரிஞ்சுது. இவ்வளவு ருசியோட ஒரு விலங்கு நம்ம ஊர்லயே நடமாடிக்கிட்டு இருந்திருக்கு, நமக்குத் தெரியல. சனங்க இதுக்குப் பழகிட்டா எங்க போய் நிக்கும்? நாளைக்கு ஹெக்தோரைச் சாப்பிட்டுட்டு கேள்வி கேப்பாங்க. ஒரு மாட்டுல ருசி வந்துடுச்சுன்னா மத்த மாட்டுலயெல்லாம் இல்லைங்கிறது வெளிய தெரிஞ்சுடும். ஐம்பது வருஷ உழைப்பு, மிஸ்யூ."

இருந்தாலும் கழகம் கல்நெஞ்சு இல்லை என்றும் சொன்னார். விதி இருபதின்படி ஒரு சலுகை உண்டு. அதற்குப் பெயர் முறைப்படுத்தும் அறுவை. பசுவின் இடது விலாவைச் சிரைத்து, கிழித்து, தைத்து, ஆறவிட்டு, தழும்பைப் புகைப்படம் எடுத்து அனுப்பவேண்டும். படத்தில் தழும்பும் தோலும் அளவுகோலும் மட்டும் தெரியவேண்டும், மற்ற எதுவும் தெரிந்தால் செல்லாது. ஆறு வாரம் அவகாசம். படிவத்தில் பக்கம், நீளம், தையல் மூன்றும் நிரம்பிவிட்டால் பசு உயர்ந்த ஜாதி.

லம்பேர் அன்றைக்கு வாய் திறந்தது அப்போதுதான். "மிஸ்யூ, கன்னு ஏற்கெனவே வெளிய வந்துடுச்சு. உள்ள எதுவும் இல்ல."

"உள்ள என்ன இருக்குன்னு கழகம் கேக்கல," என்றார் தலைவர் பொறுமையாக. "வெளிய தழும்பு இருக்கான்னுதான் கேக்குது."

வாசலில் லம்பேர் அந்தச் சுண்ணாம்புத் தொடையைத் தாண்டிப் போகும்போது மதாம் வொத்தி பின்னாலேயே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தான். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தம்பியில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

மறுவாரம் டாக்டர் கோல்சோன் வந்தார். முகம் நன்றாக இல்லை. அங்கியை மாட்டிக்கொண்டார், பெட்டியைத் திறந்தார். காலியான வயிற்றைக் கிழிப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று முணுமுணுத்தார். லம்பேர் ஸுல்மாவைத் தொழுவத்தில் கட்டி வாலைப் பிடித்துக்கொண்டான். கன்று மறுபக்கம் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் சிரைக்கும் கருவியோடு கிட்டே போனார். ஸுல்மா கழுத்தைத் திருப்பி, டாக்டரின் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நக்கினாள்.

டாக்டர் கருவியை அணைத்தார்.

"நான் உள்ள நுழைஞ்சாலே இந்த ஊர் மாடெல்லாம் சுவரோட ஒட்டிக்கும்," என்றார். "இருபத்தாறு வருஷத்துல என்னைக் கண்டு நகராத மாடு இது ஒண்ணுதான். என்னால முடியாது லம்பேர். வேற டாக்டரைப் பாரு."

"வேற டாக்டர் வந்தா கிழிச்சிடுவாரு."

"தெரியும்."

லம்பேருக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் குனிந்து கன்றின் காலடியில் வைக்கோலைச் சரிசெய்வது போலப் பாவனை செய்தான். குனிந்தபோது சட்டை மேலே ஏறிக்கொண்டது. கதவோரம் நின்ற ஒதில் அதைப் பார்த்தாள். வெளுத்த தோல். இடது விலா. மேலேயிருந்து கீழே வரைக்கும், கோணல்மாணலாக.

"லம்பேர்," என்றாள், "சட்டையக் கழட்டு."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. டாக்டருக்கு உடனே புரிந்தது. அவர் லம்பேரை வைக்கோல் கட்டின் மேல் வலது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார். இடுப்போரம் இருந்த நாலைந்து முடியைச் சிரைத்தார். கருவி சில்லென்றிருக்க லம்பேர் நெளிந்தான். "ஆடாத, மாடு கூட ஆடாது" என்றார் டாக்டர். ஒதில் அளவுகோலைப் பிடித்தாள். முப்பத்தொரு சென்டிமீட்டர். தையல் தடத்தை டாக்டர் எண்ணினார், வழக்கமான இளக்காரத்தோடு: இருபத்திரண்டு. கிட்டே வைத்து மூன்று படம் எடுத்தார். ஸுல்மா கழுத்தை நீட்டி லம்பேரின் காதை நக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டா உங்களுக்கு ஆபத்தாச்சே" என்றான் லம்பேர் படுத்தபடியே.

"நான் எதுக்குப் பொய் எழுதப்போறேன்? தழும்பு நிஜம். இடது பக்கம் நிஜம். நீளம் நிஜம். யாரோடதுன்னு படிவத்துல கேக்கவே இல்ல."

இருந்தாலும் லம்பேருக்குப் பயம்தான். புண் ஆறுகிற காலம் கணக்குக்குச் சரியாக வர ஐந்து வாரம் காத்திருந்துவிட்டு ஒதில் படத்தையும் படிவத்தையும் அனுப்பிவைத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் தபால்காரியின் சைக்கிள் மணி கேட்டால் அவன் தொழுவத்துக்குள் போய் ஒளிந்துகொள்வான். கழகத்தில் நானூறு மாடு வைத்திருப்பவர் இருக்கிறார், நாற்பது வருஷ அனுபவம் இருக்கிறது, மாட்டுத் தோலுக்கும் மனுஷத் தோலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா என்று கேட்டான். மாட்டைத் தொட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும் என்றாள் ஒதில்.

ஒரு சனிக்கிழமை காலை பெரிய உறை வந்தது. ஒதில் சமையலறையில் நின்று பிரித்தாள். உள்ளே ஸுல்மாவுக்கு ஒரு பத்திரம், கன்றுக்கு ஒரு பத்திரம், இரண்டிலும் பின்தொடை முத்திரை. கூடவே கழகத்தின் மதிப்பீட்டுக் குழு எழுதிய ஒரு பக்கக் கடிதம். லம்பேர் தொழுவத்திலிருந்து ஓடிவந்தான். பத்திரத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ஒதில் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"'ஸுல்மா என்னும் பசுவின் இனத்தூய்மை பற்றிய ஐயங்கள் முற்றிலும் நீங்கின. தழும்பு ஐயத்துக்கு இடமின்றி உண்மையானது. தோலின் வெளுப்பு மிக உயர்ந்த தரம், போன வருஷச் சாம்பியனையும் விஞ்சுவது. தையல் நேர்த்தி போதாது, டாக்டருக்கு எச்சரிக்கை அனுப்பப்படுகிறது.'"

"டாக்டர் அந்த எச்சரிக்கையைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிக்குவாரு" என்றான் லம்பேர், முதல் தடவையாகச் சிரித்து.

"இன்னும் இருக்கு. 'ஆனால் விலாப்புறத் தசை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. தோலுக்கடியில் கணிசமான கொழுப்பு தென்படுகிறது. சதை தொய்வாக உள்ளது. இக்குறைபாடுகளை அடுத்த தலைமுறையிலாவது நீக்கும்படி உடைமையாளருக்கு அறிவுறுத்தப்படுகிறது.'"

லம்பேரின் சிரிப்பு நின்றது. அவன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். ஸுல்மா பிழைத்துவிட்டாள், கன்று பிழைத்துவிட்டது, அவனுக்கு வேறு என்ன வேண்டும்? இருந்தாலும் முத்திரை போட்ட காகிதத்தில் சொல்கிறார்களே என்று மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒதில் தம்பியின் கடைசிப் பொட்டலத்தைப் பிரித்து வெண்ணெயில் போட்டாள். வாசனை மாடிப்படி வரைக்கும் போனது. லம்பேர் பாதித் தட்டோடு முள்கரண்டியை வைத்துவிட்டு, போதும் என்றான். அவள் காரணம் கேட்கவில்லை. பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

"அவங்க கெடக்கறாங்க, விடு," என்றாள். "கொழுப்பு இருந்தாத்தான் ருசி. நான் பின்ன எதுக்கு உன்னைக் கட்டிக்கிட்டேன்?"

லம்பேர் முள்கரண்டியை மறுபடி எடுத்தான்.